அம்மாவின் இரண்டாம் தாள்

தில்லிக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர் ஒவ்வொருவருக்கும் வீட்டாருடன் பேசுவதற்கென்று ஒரு நேரம் உண்டு. எனக்கு அது இரவு ஒன்பது மணி. அந்த நேரத்தில் எங்கள் விடுதித் தாழ்வாரத்தில் நடந்து போகிறவர்கள், மற்ற அறைகளில் "சாப்பிட்டாச்சா? போர்வை போதுமா?" என்னும் விசாரணைகளுக்கு விடை சொல்லும் குரல்களைக் கேட்பார்கள். என் அறையில் மட்டும், "குவி லென்சின் குவியத்துக்கும் லென்சுக்கும் இடையே பொருளை வைத்தால் பிம்பம் எப்படி இருக்கும்? சொல்லுங்கள் பார்ப்போம்" என்று ஓர் அதட்டல் கேட்கும். அடுத்த அறை நண்பர், நான் பள்ளிப் பிள்ளை எவனுக்கோ தனிப்பாடம் நடத்திப் பணம் சேர்க்கிறேன் என்றே நெடுநாள் நினைத்திருந்தார். ஒரு நாள் கேட்டும் விட்டார். "பையன் எந்த வகுப்பு?" என்றார்.

"பையன் இல்லை. என் அம்மா. வயது ஐம்பத்திரண்டு" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் இது அவ்வளவு சிரிக்கத்தக்க கதை அன்று. நம் சங்க மலருக்கு எதையாவது எழுதித் தா என்று செயலாளர் கேட்டபோது, குதுப்மினாரைப் பற்றியோ குளிரைப் பற்றியோ எழுதித் தப்பித்துக் கொள்ளலாம் என்றுதான் எண்ணினேன். எழுத உட்கார்ந்தால் வேறு எதுவும் வரவில்லை.

என் ஊர் சங்கரன்கோவிலுக்குத் தெற்கே, பேருந்தை விட்டு இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டிய ஊர். அப்பா விசைத்தறிக்காரர். அம்மா ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியை. ஆசிரியர் பயிற்சியை 1993-இல் முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பதினோர் ஆண்டுகள் காத்திருந்தார். 2004-இல் வேலை வந்தது. மாதம் 3,000 ரூபாய்த் தொகுப்பூதியம். காலமுறை ஊதியம் என்று கண்ணால் கண்டது 2006 ஜூன் மாதத்துக்குப் பிறகுதான். இந்த விவரங்கள் எனக்கு மனப்பாடம். எங்கள் வீட்டில் ஆண்டுகளை எண்ணுவது அம்மாவின் பணிப்பதிவேட்டை வைத்துத்தான். நான் பிறந்தது "வேலை வருவதற்கு இரண்டு வருடம் முன்னால்." தாத்தா காலமானது "நிரந்தரம் ஆன வருடம்."

நிரந்தரம் ஆன மறு மாதமே அம்மா அஞ்சல் வழியில் பி.எஸ்ஸி. கணிதத்துக்குப் பணம் கட்டினார். ஊரில் எல்லாரும் இலக்கியமோ வரலாறோ எடுத்துக் கொள்ளச் சொன்னார்கள். இரவில் படித்துத் தேறிவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். அம்மாவுக்குக் கணக்குத்தான் வேண்டியிருந்தது. பழுப்பு உறைகளில் பாட நூல்கள் வரும். உறைகள் எனக்கு, நூல்கள் அம்மாவுக்கு என்பது எங்களுக்குள் ஏற்பட்ட உடன்படிக்கை. உறைகளைக் கிழித்து நான் கப்பல் செய்தேன். சனி, ஞாயிறுகளில் மதுரையில் நேர்முக வகுப்புகள் நடக்கும். என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாத நாட்களில் கூடவே அழைத்துச் செல்வார். கடைசி பெஞ்சில் படுத்து உறங்கியிருக்கிறேன். மெய்ப்பகுப்பியல் என்னும் சொல்லை, அதன் பொருள் என்ன என்று தெரிவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாகவே நான் கேட்டுவிட்டேன். அதில் அம்மா இருமுறை தவறினார். மூன்றாம் முறை தேறிய அன்று அப்பா அல்வா வாங்கி வந்தார்.

பிறகு பி.எட். பிறகு சில ஆண்டுகள் கழித்து எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றதற்காக அரசு அப்போது கொடுத்த ஊக்க ஊதியத்தில்தான் எனக்கு முதல் சைக்கிள் வந்தது. எம்.எஸ்ஸி. முடிந்தபோது அந்த ஊக்க ஊதிய முறையையே 2020 மார்ச்சில் நிறுத்தியிருந்தார்கள். அம்மா அதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. அவர் கண் வேறோர் இடத்தில் இருந்தது. இடைநிலை ஆசிரியர் பட்டமும் பி.எட்.டும் பெற்றால், பணிமூப்பு வரிசையில் பட்டதாரி ஆசிரியராகப் பதவி உயர்வு பெறலாம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு நடத்தலாம். சம்பளம் சிறிது கூடும் என்பது உண்மைதான். ஆனால் அம்மா ஆசைப்பட்டது எதற்கு என்று எனக்குத் தெரியும். தொடக்கப் பள்ளியில் வட்டத்தைப் பொட்டு மாதிரி வரைந்து காட்டிவிட்டு நிறுத்திக் கொள்ள வேண்டும். அதன் நாணையும் வில்லையும் பற்றிப் பேச முடியாது. பதவி உயர்வுக்கான பட்டியலில் தம் பெயர் வந்த ஆண்டு, தென்காசிக்குப் போன இடத்தில் கரும்பலகையில் வட்டம் வரையும் மரக் கவராயம் ஒன்றைத் தம் பணத்தில் வாங்கி வந்துவிட்டார். "பெண் பார்க்கு முன்னே தொட்டில் வாங்கிய கதை" என்று அப்பா கேலி செய்தார்.

அப்பாவின் வாய்ச்சொல் பலித்துவிட்டது. கலந்தாய்வு வரும், வரும் என்றிருந்த நேரத்தில் வழக்கு வந்தது. கவராயம் பரணில் ஏறியது.

வழக்கு என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அறிவியல் மாணவன் சட்டம் பேசுகிறேனே என்று சட்டத் துறை நண்பர்கள் பொறுத்தருள்க.

குழந்தைகளின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 23-ஆம் பிரிவு, ஆசிரியருக்கான குறைந்த அளவுத் தகுதியை ஒரு தேசிய அமைப்பு வகுக்க வேண்டும் என்கிறது. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு 2010 ஆகஸ்டு 23-இல் அந்தத் தகுதியை அறிவித்தது. ஆசிரியர் தகுதித் தேர்வு என்று நாம் சொல்லும் தேர்வு அப்படிப் பிறந்தது. அந்த அறிவிப்பிலேயே, அதற்கு முன் முறையாக வேலைக்கு வந்தவர்களுக்கு விலக்கும் இருந்தது. அம்மா 2004-இல் வந்தவர். ஆகவே நிம்மதியாக இருந்தார். ஆனால் 2014 நவம்பர் 12-இல் அதே குழு மற்றொரு விதி செய்தது. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் பதவி உயர்வு தரும்போதும் அந்தந்த நிலைக்குரிய தகுதி வேண்டும் என்பது அந்த விதி. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதை அப்போது யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அம்மா பி.எட். சான்றிதழைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு எம்.எஸ்ஸி.க்குப் படித்துக் கொண்டிருந்தார்.

தகுதித் தேர்வில் தேறியவர்கள் ஒரு பக்கம் வழக்குத் தொடுத்தார்கள். "நாங்கள் தேர்வு எழுதித் தேறியிருக்க, எழுதாதவர்களுக்கு எப்படிப் பதவி உயர்வு?" என்பது அவர்கள் கேள்வி. "நாங்கள் வேலைக்கு வந்தபோது இல்லாத தேர்வை எங்கள் தலையில் கட்டலாமா? நாங்கள் கூடுதலாகப் பட்டம் பெற்றது எதற்கு?" என்பது அம்மாவின் அணியினர் கேள்வி. சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூன் 2-இல் தீர்ப்பளித்தது. 2011 ஜூலை 29-க்கு முன் வேலைக்கு வந்தவர்கள் தேர்வு எழுதாமலே வேலையில் தொடரலாம். ஆனால் பதவி உயர்வு வேண்டுமானால் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்பது தீர்ப்பு. வழக்கு அதன்பின் தில்லிக்கு ஏறியது. அம்மாவும் உடன் பணியாற்றுவோரும் ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய் போட்டுச் சங்கத்தின் வழக்கு நிதிக்குக் கொடுத்தார்கள். அந்த ரூபாய்க்கு இரசீது உண்டா என்று அப்பா கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை.

வழக்குத் தில்லிக்கு வந்த மறு ஆண்டு நானும் தில்லிக்கு வந்தேன்.

"நீ அங்கேதானே இருக்கிறாய்? ஓர் எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார் அம்மா. உச்ச நீதிமன்றத்தை ஏதோ சந்தைப்பேட்டைக்கு அடுத்த கட்டடம் என்று அவர் நினைத்திருந்தார் போலும். நானும் ஒரு நாள் ஆய்வுக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, இணையத்தில் நுழைவுச் சீட்டு எடுத்து, பல்கலைக்கழக நிலையத்தில் மெட்ரோ ஏறி, ராஜீவ் சௌக்கில் வண்டி மாறி, உச்ச நீதிமன்றம் என்றே பெயர் வைத்திருக்கும் நிலையத்தில் போய் இறங்கினேன். உள்ளே கறுப்பு அங்கிகளின் வெள்ளம். ஒவ்வொரு நீதிமன்ற அறையின் வெளியிலும் எந்த வரிசை எண் நடக்கிறது என்று பலகையில் ஓடிக் கொண்டிருந்தது. எங்கள் வழக்கு எந்த அறையில் என்று யாரைக் கேட்பது? தமிழ் முகமாகத் தெரிந்த ஒரு பெரியவரை அணுகினேன். கும்பகோணத்துக்காரர், வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தாவாம். கையிலிருந்த பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்கள் வழக்கு இன்றைக்கு வரவே இல்லையே! தேதி பார்க்காமலா வந்தீர்கள்?" என்றார்.

வந்ததுதான் வந்தோம் என்று ஓர் அறைக்குள் போய்ப் பின்வரிசையில் நின்றேன். யாரோ ஓர் எழுத்தரின் பணிமூப்பு வழக்கு. நான்கே நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்த எழுத்தர் எந்த மாநிலத்தவரோ, அதற்காக எத்தனை ஆண்டு காத்திருந்தாரோ! அவர் வந்திருந்தாரா என்று கூட்டத்தில் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று இரவு அம்மாவிடம், "பெரிய கட்டடம்" என்று மட்டும் சொன்னேன். அத்துடன் விட்டிருக்கலாம். படித்த அகந்தை யாரை விட்டது? பழைய தீர்ப்புகளைப் பற்றியெல்லாம் படித்துவிட்டு அவருக்கு விளக்கத் தொடங்கினேன். பதவி உயர்வு பெறுவது அடிப்படை உரிமை அன்று. பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படுவதுதான் அடிப்படை உரிமை என்று 1999-இல் அஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னேன்.

அம்மா சிறிது நேரம் யோசித்தார். "பந்தியில் உட்காரலாம், இலை போடுவது அவர்கள் விருப்பம். அப்படித்தானே?" என்றார்.

நான் விடவில்லை. திரிலோகி நாத் கோசா வழக்கைச் சொன்னேன். காஷ்மீரத்துப் பொறியாளர்களின் வழக்கு அது. பட்டயம் பெற்றவர்களும் பட்டம் பெற்றவர்களும் ஒரே பதவியில் இருந்தாலும், மேற்பதவி பட்டம் பெற்றவர்களுக்கே என்று அரசு விதி செய்தால் அது சமத்துவத்துக்கு மாறானது அன்று என்பது ஐந்து நீதிபதிகளின் தீர்ப்பு. 1974-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் இருக்கிறது.

"நல்ல தீர்ப்பு. கூடுதலாகப் படித்தவருக்கு மேலிடம். நானும் கூடுதலாகப் படித்திருக்கிறேனே?"

"எது தகுதி என்பதை விதி முடிவு செய்யும் அம்மா. நாம் முடிவு செய்ய முடியாது."

"நான் படித்து முடிக்கும் மட்டும் விதி ஒன்று, முடித்த பிறகு விதி வேறொன்று."

இதற்கு எந்தத் தொகுதியிலும் நான் விடை தேடவில்லை.

2025 செப்டம்பர் முதல் நாள் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் தீபங்கர் தத்தாவும் மன்மோகனும் அளித்தது. மகாராட்டிரத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் சென்ற வழக்குகளைச் சேர்த்து விசாரித்திருந்தார்கள். அன்று இரவு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, அளவெடுக்க வேண்டிய கருவியை அணைத்துவிட்டு, தீர்ப்பை முழுவதும் படித்தேன். பதவி உயர்வுக்குத் தகுதித் தேர்வு கட்டாயம். இது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அடுத்தது. பதவி உயர்வே வேண்டாம் என்று இருப்பவர்களும், ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் ஓய்வுக்காலப் பலன்களைப் பெற்றுக் கொண்டு வேலையை விட வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் மட்டும் அப்படியே தொடரலாம். அவர்களுக்கும் பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வின் ஆய்வுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அம்மாவுக்கு ஓய்வு பெற எட்டு ஆண்டுகள் இருந்தன. மேலே ஏறப் படிக்கட்டுக் கேட்டு வழக்குக்குப் போனவர்களுக்கு, நிற்கிற தரையும் ஆடத் தொடங்கிவிட்டது.

என் அறைத் தோழன் காசிப் பக்கத்துப் பையன். நான் தீர்ப்பைச் சொன்னதும் அவன் வியப்படையவே இல்லை. அவன் சித்தப்பா உத்தரப் பிரதேசத்தில் 'சிட்சா மித்திரர்' என்னும் துணை ஆசிரியர்களுள் ஒருவர். அவர்களை அந்த மாநில அரசு முழு ஆசிரியர்களாக்கியது. தகுதித் தேர்வு இல்லாமல் ஆக்கியது செல்லாது என்று 2017 ஜூலை 25-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மறுபடியும் பழைய நிலைக்கே இறங்கினார்கள். மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் என்றாயிற்று. "சித்தப்பா அந்த ஆண்டு வாங்கிய மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டி முடிக்க என் அப்பாதான் உதவினார்" என்றான். தமிழ்நாட்டு விவகாரம் என்று நான் நினைத்திருந்தது, என் எதிர்க் கட்டிலிலும் படுத்திருந்தது.

இனி நான் சொல்லப் போவது எனக்குப் பெருமை தருவதன்று.

தீர்ப்பு வந்த மூன்றாம் நாள் அம்மாவிடம் பேசும்போது, "தேர்வு எழுதினால் என்ன குறைந்துவிடும்? பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? எனக்கு ஏழாம் வகுப்பில் அறிவியல் நடத்தியவர் நிறையும் எடையும் ஒன்றே என்று சொல்லித் தந்தார். அதை மறக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின" என்றேன். இன்றும் அந்தக் கருத்தை நான் முழுவதும் கைவிடவில்லை. குழந்தைகளின் பக்கம் பேசவும் நீதிமன்றத்தில் யாராவது வேண்டும்தான். ஆனால் சொன்ன நேரமும் சொன்ன ஆளும் தவறு. அம்மா, "சரி தம்பி, தூங்கு" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். மூன்று நாள் பேசவில்லை. அப்பாதான் பேசினார். "உன் அம்மா பரீட்சைக்குப் பயப்படவில்லையடா. இருபத்தொரு வருசம் பாடம் நடத்தியது ஒன்றும் இல்லை என்று பெற்ற பிள்ளையே சொல்லிவிட்டானே என்று இருக்கிறது" என்றார். தறிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. கேட்ட பாதியே போதுமானதாக இருந்தது.

நான்காம் நாள் ஒன்பது மணிக்கு நானே அழைத்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், "மாதிரி வினாத்தாள் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். போட்டுப் பார்ப்போமா?" என்றேன். அம்மா, "கேள்" என்றார்.

குழந்தை மேம்பாடு, கற்பித்தல் பகுதியில் தொடங்கினேன். ஒரு வினாவைப் படித்தேன். "நாற்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழித்து முப்பத்தைந்து என்று ஒரு குழந்தை எழுதுகிறது. குழந்தையின் பிழைக்குக் காரணம் என்ன?" நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். அவற்றை நான் படிப்பதற்குள், "ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டது" என்றார் அம்மா.

எனக்கு விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. கவனக்குறைவு என்றுதான் நான் நினைத்தேன்.

"கவனக்குறைவு இல்லையடா. ஒன்றாம் இடத்தில் இரண்டும் ஏழும் இருக்கிறது. சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்கக் கூடாது என்று முதல் வகுப்பில் நாம்தான் சொல்லிக் கொடுத்திருப்போம். அது சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. எது பெரியதோ அதிலிருந்து சின்னதைக் கழித்து ஐந்து போட்டிருக்கிறது. நான்கில் ஒன்று போக மூன்று. முப்பத்தைந்து. இப்படி எழுதுகிற பிள்ளையை அடிக்கக் கூடாது. புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் என் வகுப்பில் நாலைந்து பேர் இப்படி எழுதுவார்கள். நீயும் எழுதினாய்."

அணுவின் உட்கருவைப் பற்றிக் கட்டுரை படிக்கும் நான், ஒரு குழந்தை ஏன் முப்பத்தைந்து என்று எழுதுகிறது என்பதை இருபத்து மூன்று வயதில் தெரிந்து கொண்டேன். அம்மாவின் பணிப்பதிவேட்டில் இதை எந்தப் பக்கத்தில் பதிவார்கள்?

விண்ணப்பிக்க அப்போது ஒரு சில நாட்களே எஞ்சியிருந்தன. இடைநிலை ஆசிரியருக்கு முதல் தாள். பட்டதாரி ஆசிரியருக்கு இரண்டாம் தாள். உடன் பணியாற்றுவோர் எல்லாரும், "முதல் தாளை மட்டும் எழுதுங்கள் டீச்சர். இருக்கிற வேலையைக் காப்பாற்றிக் கொள்வோம். பதவி உயர்வை அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்னார்களாம். நானும் அதையே சொன்னேன். பல மாநில அரசுகள் மறுஆய்வு கோரப் போவதாகச் செய்திகள் வந்து கொண்டிருந்தன. பொறுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னேன். அம்மா இரண்டுக்கும் விண்ணப்பித்தார்.

"இரண்டாம் தாள் எதற்கம்மா இப்போது?"

"முதல் தாள் அவர்கள் கேட்டது. இரண்டாவது நான் கேட்டது" என்றார்.

அப்படித் தொடங்கியதுதான் எங்கள் ஒன்பது மணி வகுப்பு. இரண்டாம் தாளில் மொத்தம் 150 வினாக்கள். குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் 60. எங்கள் வகுப்பினருக்கு அப்போது 82 மதிப்பெண் வேண்டும் என்று இருந்தது. கணிதத்தில் நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்தில் இருவரும் தடுமாறினோம். அறிவியலில் பௌதிகமும் இரசாயனமும் என் பொறுப்பு. தாவரவியலில் நான் வாங்கிய அடி கொஞ்ச நஞ்சம் அன்று. சர்க்கரைவள்ளிக் கிழங்கு தண்டின் மாற்றுரு என்று அழுத்தந் திருத்தமாகச் சொன்னேன். "உருளைக்கிழங்குதான் தண்டு. வள்ளிக்கிழங்கு வேர். கொடி வெட்டி நட்டவளிடம் வந்து சொல்கிறாயே" என்று பதில் வந்தது. புத்தகத்தைப் பார்த்தேன். வேர்தான்.

பகலெல்லாம் பள்ளி. மாலையில் வீட்டு வேலை. அதன்பின் படிப்பு. சில இரவுகளில் நான் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். மறுமுனையில் மூச்சு மட்டும் சீராகக் கேட்கும். அப்பா வந்து, "தூங்கிவிட்டாள், வை" என்பார். பழைய மதுரை வகுப்புகளில் நான் கடைசி பெஞ்சில் தூங்கிய கணக்கை அம்மா தீர்த்துக் கொள்கிறார் என்று நினைத்துக் கொள்வேன்.

2025 நவம்பர் 15 சனிக்கிழமை முதல் தாள். மறுநாள் இரண்டாம் தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. தில்லியில் அப்போது புகைமூட்டம். சன்னலைத் திறக்க முடியாது. அறைக்குள் நடந்து கொண்டிருந்தேன். காசித் தோழன், "உனக்கா பரீட்சை?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் வாங்கிக் கொடுத்தான்.

ஒன்பது மணிக்கு முன்பே அம்மா அழைத்துவிட்டார். தேர்வு எப்படி என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அவரே பேசினார்.

"தேர்வு அறையில் கண்காணிப்புக்கு வந்திருந்தவன் யார் தெரியுமா? மூன்றாம் வகுப்பில் என் பையிலிருந்து சாக்குக்கட்டி எடுத்துக் கொண்டு போய்ச் சுவரெல்லாம் கிறுக்கியவன். இப்போது பட்டதாரி ஆசிரியனாம். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. 'டீச்சர், பையை வெளியே வைக்க வேண்டும்' என்று சொல்வதற்குள் நாலு தடவை எச்சில் விழுங்கினான். பாவம்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"பையை வெளியே வைத்தேன். சாக்குக்கட்டி இல்லை, எண்ணிப் பார்த்துக் கொள் என்றேன்."

இருவரும் சிரித்தோம். பிறகு அம்மா குரலை மாற்றிக் கொண்டார். வடிவியலில் ஒரு கணக்கை மட்டும் விட்டுவிட்டாராம். ஒரு வட்டம், இரண்டு தொடுகோடுகள், ஒரு கோணம். நேரம் போதாமல் ஏதோ ஒன்றைக் கறுப்பாக்கிவிட்டு வந்துவிட்டார். வழியெல்லாம் அதுவே மனத்தில் ஓடியதாம். "எழுதிக் கொள்" என்று சொன்னார். எழுதிக் கொண்டேன். தொலைபேசியில் வட்டத்தை எப்படிப் பார்ப்பது? நான் ஒரு படம் போட்டேன். அவர் சொன்னது வேறு படம். இரண்டு முறை விடை மாறியது. "இரு, இரு" என்றார் அம்மா. பிறகு, தொலைபேசியைச் சற்று விலக்கிப் பிடித்துக் கொண்டு அப்பாவைக் கூப்பிடுவது கேட்டது. ஏணியை எடுத்து வரச் சொன்னார். பரணில் இருக்கும் கவராயம் வேண்டுமாம். தரையிலேயே வரைந்து பார்த்துவிடலாமாம்.

"இந்த நேரத்திலா?" என்று அப்பா கேட்டார். ஏணியை இழுக்கும் சத்தமும் கேட்டது.